மேம்பட்ட ஆங்கிலச் சொல்வளம்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

ஆங்கிலச் செய்திக் கட்டுரையைப் படித்தால் சாரம் புரிகிறது, மின்னஞ்சல் எழுத வருகிறது, ஆனால் எழுதும்போது அதே இருநூறு முந்நூறு சொற்களையே சுற்றிச்சுற்றி வருகிறோம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. அடிப்படை இலக்கணத்தில் இன்னும் தடுமாறுபவர்கள் இதைக் கொஞ்ச காலம் தள்ளிவைக்கலாம்.

மேம்பட்ட சொல்வளம் என்பதை அரிய சொற்களின் குவியல் என்று எண்ணித் தொடங்குபவர்கள்தாம் பெரும்பாலும் பாதியில் கைவிடுகிறார்கள். ஒரு சொல்லின் பொருள் தெரிவது ஒன்று. அது எந்தச் சொற்களோடு சேரும், எங்கே ஒட்டாது, யாரிடம் சொன்னால் செயற்கையாக ஒலிக்கும் என்று தெரிவது வேறொன்று. கீழே உள்ள படிகள் இந்த இரண்டாவது அறிவுக்காக வரிசைப்படுத்தப்பட்டவை. வரிசையை மாற்றினால் ஏன் சிக்கல் வரும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதல் தேவை, கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில – ஆங்கில அகராதி. ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், லாங்மன், கேம்பிரிட்ஜ், காலின்ஸ் கோபில்ட் ஆகியவற்றுள் ஏதாவது ஒன்று போதும். நான்கையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான அகராதி, ஒரு கடினச் சொல்லை வேறு மூன்று கடினச் சொற்களால் விளக்கும். லாங்மன் அகராதியோ ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கங்களை எழுதுகிறது. 1987இல் வெளிவந்த கோபில்ட், விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியதால், பொருளைப் படிக்கும்போதே பயன்பாடும் கண்ணில் படும்.

அடுத்து, சொற்களைப் பதிந்துவைக்க ஓர் இடம் வேண்டும். காகித அட்டைகள் போதும். கணினியில் செய்ய விரும்பினால் ஆங்கி என்ற செயலி இருக்கிறது.

மூன்றாவது, நாளுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம். ஞாயிறன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மற்ற நாள்களில் தொடாமல் இருப்பதைவிட, தினமும் இருபது நிமிடம் மேல். மறக்கத் தொடங்கும் தறுவாயில் நினைவுபடுத்தினால்தான் சொல் நிலைக்கிறது. வாரம் ஒருமுறை உட்காருபவர்கள் அந்தத் தறுவாயைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

‘ஆயிரம் கடினச் சொற்கள்’ வகைப் பட்டியல்கள் தேவையில்லை. அவற்றைச் சேகரித்து வைப்பது உழைப்பதைப் போன்ற திருப்தியைத் தரும். அதோடு சரி.

2. அடித்தளத்தில் எங்கே ஓட்டை என்று பாருங்கள்

ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 2,000 சொற்குடும்பங்கள் பொதுவான எழுத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அடைத்துக்கொள்கின்றன. சொற்குடும்பம் என்றால் ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும்: ‘டிசைட்’, ‘டிசிஷன்’, ‘டிசைசிவ்’ போல. இந்த 2,000இலேயே இடைவெளி இருந்தால், மேலே எத்தனை அரிய சொற்களை அடுக்கினாலும் எழுத்து தள்ளாடும்.

சொல்வள ஆய்வாளர்களான பால் நேஷனும் டேவிட் பெக்லரும் உருவாக்கிய சொல் அளவுத் தேர்வு இணையத்தில் கிடைக்கிறது. ஒவ்வோர் ஆயிரம் சொற்குடும்பத்துக்கும் பத்துக் கேள்விகள் என்ற கணக்கில் அமைந்தது. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்வதோ வருந்துவதோ இங்கே முக்கியமில்லை. எந்த ஆயிரத்தில் தவறுகள் தொடங்குகின்றன என்று பாருங்கள். மூன்றாம் ஆயிரத்துக்குள்ளேயே சறுக்கினால், ஆக்ஸ்போர்டு 3000 பட்டியலை எடுத்து, தெரியாதவற்றை மட்டும் குறித்து முதலில் முடித்துவிடுங்கள்.

உயர்கல்விக்காகவோ ஆய்வுக்காகவோ படிப்பவர்கள் அடுத்ததாக அகாடமிக் வேர்ட் லிஸ்ட்டைப் பார்க்கலாம். ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்தப் பட்டியலில் 570 சொற்குடும்பங்கள்தாம் உள்ளன. கல்விசார் எழுத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அவற்றால் ஆனது. பட்டியல்கள் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இவை இரண்டும் விதிவிலக்கு. பயன்பாட்டை எண்ணிப் பார்த்துத் தொகுத்தவை இவை. அரிய சொல் என்பதற்காகச் சேர்த்தவை அல்ல.

3. சரியான கடினத்தில் படியுங்கள்

துணையின்றி ஓர் உரையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது நேஷனின் கணக்கு. நாவலையும் செய்தித்தாளையும் அந்த அளவில் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்றும் அவர் மதிப்பிட்டார்.

இதை உங்கள் புத்தகத்தில் சோதிக்க எளிய வழி உண்டு. சுமார் 300 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தைப் படியுங்கள். தெரியாத சொற்கள் ஐந்தாறு இருந்தால் அதுவே உங்களுக்கு ஏற்ற புத்தகம். பதினைந்தைத் தாண்டினால் மூடிவைத்துவிட்டு எளிதானதை எடுங்கள். பதினைந்து புதிய சொற்களுக்கு நடுவே எந்தச் சொல்லின் பொருளையும் சூழலிலிருந்து ஊகிக்க முடியாது, அகராதியைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, திங்களன்று பொருளாதாரம், செவ்வாயன்று விண்வெளி, புதனன்று பழைய நாவல் என்று தாவுவது. ஒரே துறையில் சில வாரங்கள் நில்லுங்கள். பொதுச் சுகாதாரம் பற்றித் தொடர்ந்து படித்தால் ‘அவுட்பிரேக்’, ‘கன்டெய்ன்’, ‘ட்ரான்ஸ்மிஷன்’, ‘சஸெப்டிபிள்’ எல்லாம் அடுத்தடுத்த கட்டுரைகளிலும் வரும். நீங்கள் முயலாமலே நடக்கும் மீள்பார்வை அது.

4. எந்தச் சொல்லை எடுப்பது

தெரியாத சொல் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளக் கூடாது. முதல் முறை கண்ணில் பட்டால் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்; கடந்து போங்கள். வேறொரு கட்டுரையில் மறுபடி வந்தால், அதற்கு இடம் கொடுக்கலாம். பாய்மரக் கப்பலின் உறுப்புப் பெயர்கள், ஒரே நாவலில் வரும் செடியின் பெயர், கவிதையில் மட்டும் உயிரோடிருக்கும் பழஞ்சொல் ஆகியவை தாமாகவே இந்தச் சல்லடையில் நின்றுவிடும்.

இரண்டாவது கேள்வி: இந்தச் சொல்லை அடுத்த ஒரு மாதத்தில் நான் எங்கேயாவது எழுதுவேனா, பேசுவேனா? ஆம் என்றால் எடுங்கள். படிக்கும்போது புரிந்தால் போதும் என்றால் அட்டை வேண்டாம்.

தெரிந்த சொற்களில் ஒளிந்திருக்கும் தெரியாதவற்றைப் பலர் கவனிப்பதே இல்லை. ‘புட் அப் வித்’, ‘ஃபால் த்ரூ’, ‘ப்ரஷ் ஆஃப்’ போன்றவற்றில் ஒவ்வொரு சொல்லும் பள்ளிப் பருவத்திலேயே தெரிந்தது. சேர்ந்து வந்தால் பொருள் வேறு. ‘அட்ரஸ்’ என்றால் முகவரி என்று மட்டும் தெரிந்தவருக்கு ‘அட்ரஸ் தி ப்ராப்ளம்’ புதிய சொல்தான். என் கணிப்பில், மேம்பட்ட நிலையில் கற்க வேண்டியதில் பாதி இந்த வகை. பார்வைக்கு எளிமையாக இருப்பதால் யாரும் குறித்துக்கொள்வதில்லை.

எண்ணிக்கை: நாளுக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு ஐந்து நாள் செய்தாலே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 ஆகிறது. நாளுக்கு இருபது என்று தொடங்குபவர்கள் முதல் வாரம் உற்சாகமாகவே இருப்பார்கள். எடுத்த ஒவ்வொரு சொல்லும் அடுத்த மாதங்களில் பலமுறை மீள்பார்வைக்குத் திரும்பி வரும் என்பது மூன்றாவது வாரத்தில்தான் உறைக்கும்.

5. அகராதியில் எதைப் பார்ப்பது

பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடுவது பழக்கமாகிவிட்ட தவறு. ஒரு பதிவில் நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலில் உச்சரிப்பு, அதுவும் காதால் கேட்டு. ஆங்கில எழுத்துகளை நம்பிப் படித்தால் ‘எபிட்டமி’ என்பது ‘எபிடோம்’ ஆகிவிடும். ‘இண்டைட்’ என்பதில் ஒலிக்காத ‘சி’ ஒலித்துவிடும். ஏ-டபிள்யூ-ஆர்-ஒய் என்று எழுதப்படும் சொல் ‘அரை’ என்று ஒலிப்பதற்குப் பதிலாக ‘ஆவ்ரி’ ஆகும். தவறாகப் பதிந்த ஒலியைப் பின்னர் திருத்துவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம். எனவே இது முதலில் வர வேண்டும்.

அடுத்து, சொல்லின் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பு: ‘ஃபார்மல்’, ‘இன்ஃபார்மல்’, ‘லிட்டரரி’, ‘ஓல்டு ஃபேஷன்டு’, ‘அப்ரூவிங்’, ‘டிஸ்அப்ரூவிங்’. ‘த்ரிஃப்டி’ பாராட்டு, ‘ஸ்டின்ஜி’ பழிப்பு. இரண்டுமே பணத்தைச் செலவழிக்கத் தயங்குபவரைத்தான் சுட்டும். இந்தக் குறிப்பைத் தாண்டிச் செல்பவர், ஒருவரைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு கஞ்சன் என்று எழுதிவிடுவார்.

மூன்றாவது, எடுத்துக்காட்டு வாக்கியங்கள். குறைந்தது மூன்றைப் படியுங்கள். நான்காவது, அதன் குடும்பம்: பெயர், வினை, பெயரடை வடிவங்கள். இங்கே பொறிகளும் உண்டு. ‘எகனாமிக்’ பொருளாதாரம் சார்ந்தது, ‘எகனாமிகல்’ சிக்கனமானது. ‘இண்டஸ்ட்ரியல்’ தொழில்துறை சார்ந்தது, ‘இண்டஸ்ட்ரியஸ்’ கடும் உழைப்பாளியைக் குறிப்பது.

6. அட்டையை எழுதும் முறை

இந்த முழு வேலையும் நிற்பதும் விழுவதும் இங்கேதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பெரும்பாலோர் எழுதும் அட்டை இப்படி இருக்கும்: ஒரு பக்கம் ‘மிட்டிகேட்’, மறுபக்கம் ‘தணித்தல்’. இதில் இரண்டு கோளாறுகள். தமிழில் தாகத்தைத் தணிக்கலாம், கோபத்தைத் தணிக்கலாம், வெப்பத்தைத் தணிக்கலாம். ஆங்கிலத்தில் தாகத்துக்கு ‘குவென்ச்’ வரும். கோபத்துக்கு ‘அப்பீஸ்’ போன்ற வேறு வினைகள் உண்டு. ‘மிட்டிகேட்’ பெரும்பாலும் ‘ரிஸ்க்’, ‘டேமேஜ்’, ‘இம்பாக்ட்’, ‘எஃபெக்ட்ஸ்’ போன்றவற்றோடுதான் வரும். தமிழ்ச் சொல்லின் எல்லையும் ஆங்கிலச் சொல்லின் எல்லையும் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்துவதில்லை. அட்டையில் தமிழ்ப் பொருள் மட்டும் இருந்தால், எழுதும் நேரத்தில் தமிழின் எல்லையே கையை இழுக்கும்.

இரண்டாவது கோளாறு திசை. ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பொருளைச் சொல்வது படிப்பதற்கான பயிற்சி. எழுதும்போது நமக்கு முன்னால் இருப்பது பொருள், தேடுவது சொல். எனவே அட்டையும் அந்தத் திசையில் கேட்க வேண்டும்.

அட்டையின் முன்பக்கத்தில், நீங்கள் அந்தச் சொல்லைச் சந்தித்த வாக்கியத்தையே சுருக்கி எழுதுங்கள். சொல்லின் இடத்தைக் காலியாக விடுங்கள். ‘ஸ்டெப்ஸ் டு ______ தி இம்பாக்ட் ஆஃப் தி ட்ரவுட்’ என்பது போல. காலியிடத்தில் முதல் எழுத்தை மட்டும் தாருங்கள். இல்லாவிட்டால் ‘ரெட்யூஸ்’ என்று நினைத்துக்கொண்டு, அதுவும் சரிதானே என்று உங்களோடு நீங்களே வாதாடிக்கொண்டிருப்பீர்கள். தமிழ்க் குறிப்பு வேண்டுமென்றால் சொல்லாக எழுதாமல் சூழலாக எழுதுங்கள்: ‘பாதிப்பின் கடுமையைக் குறைக்க’.

பின்பக்கத்தில் சொல், அழுத்தம் விழும் அசை, அதோடு வழக்கமாகச் சேரும் இரண்டு மூன்று சொற்கள். அவ்வளவே. ஐந்து பொருள்களையும் ஒரே அட்டையில் திணித்தால் எதற்கு விடை சொல்கிறோம் என்றே தெரியாது. இன்னொரு பொருள் வேண்டுமா? இன்னோர் அட்டை போடுங்கள்.

சேரும் சொற்களை எங்கிருந்து எடுப்பது? அகராதியின் எடுத்துக்காட்டுகளே பெரும்பாலும் போதும். இன்னும் வேண்டுமென்றால் கார்ப்பஸ் எனப்படும் உரைத்தொகுப்பில் தேடலாம். நூறு கோடிக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பு ஒன்று ‘கோகா’ என்ற சுருக்கப் பெயரில் இணையத்தில் இருக்கிறது. ஒரு வினைக்குப் பின்னால் எந்தப் பெயர்ச்சொற்கள் அதிகம் வருகின்றன என்று அது காட்டிவிடும். எளிய சொற்களைக்கூட அதில் தேடிப் பாருங்கள். ‘காஸ்’ என்ற வினைக்குப் பின்னால் சேதம், வலி, சிக்கல் ஆகியவையே வரிசை கட்டி நிற்கும். ‘காஸ் ஹாப்பினஸ்’ இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் காதை உறுத்தும். ‘பிரிங்’ அங்கே இயல்பாக உட்காரும். மேம்பட்ட அறிவு என்று நான் சொல்வது இதைத்தான்.

ஒரு தடை: ஒத்த பொருள் கொண்ட சொற்களை ஒரே நாளில் அட்டையாக்காதீர்கள். ‘ஸ்டபர்ன்’, ‘ஆப்ஸ்டினெட்’, ‘டெனேஷியஸ்’ மூன்றையும் சேர்த்துக் கற்றால் ஒன்றோடொன்று குழம்பும். ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. பொருள்வாரியாகத் தொகுத்த புத்தகங்கள் பார்க்க ஒழுங்காக இருக்கும். நினைவுக்கு அந்த ஒழுங்கு உதவாது. ஒன்று நன்றாகப் பதிந்தபின் இரண்டாவதை எடுங்கள்; அப்போது வேறுபாடும் தெளிவாகத் தெரியும்.

7. மீள்பார்வை

காகித அட்டை என்றால் ஐந்து பெட்டிகள் போதும். செபாஸ்டியன் லைட்னர் 1972இல் எழுதிய முறை இது. புதிய அட்டை முதல் பெட்டியில், தினமும் பார்க்க. சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்கு. இரண்டு நாளுக்கு ஒருமுறை, வாரம் ஒருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை, மாதம் ஒருமுறை என்று இடைவெளி கூடும். தவறினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்ப வேண்டும். ஆங்கி செயலி இடைவெளிக் கணக்கைத் தன் முறையில் தானாகப் பார்த்துக்கொள்ளும். அதில் நாளுக்கு 20 புதிய அட்டை என்று இயல்பாக வைக்கப்பட்டிருக்கும். முதல் வேலையாக அதை ஐந்தாகக் குறையுங்கள்.

விடையைப் பார்க்கும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘நாக்கு நுனியில் இருந்தது’ என்பது தவறுதான். சரியென்று குறித்துக்கொள்பவர் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்கிறார். அட்டையைத் திருப்பி, படித்து, தலையாட்டுவது மீள்பார்வை ஆகாது. நினைவைத் துருவி எடுக்கும் அந்தச் சில நொடித் திணறல்தான் வேலை செய்கிறது.

எட்டு முறை தவறிய அட்டையை ஆங்கி ‘லீச்’ என்று குறியிடும். அட்டைப்பூச்சி! தமிழில் இரண்டும் அட்டையாகவே அமைந்துபோனது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம். அப்படிப்பட்டதை மறுபடி மறுபடி பார்ப்பதால் பயனில்லை. வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். அப்படியும் பதியவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். தேவையான சொல் என்றால் படிக்கும்போது மறுபடி வரும்.

8. எழுத்திலும் பேச்சிலும் இறக்குவது

இரண்டு வாரங்கள் தாக்குப்பிடித்த சொற்களைத்தான் எழுத்தில் பயன்படுத்த வேண்டும். அன்று கற்றதை அன்றே எழுதினால், அட்டையில் உள்ள வாக்கியத்தையே நகலெடுப்பீர்கள்.

வாரத்துக்கு மூன்று முறை, நூறு நூற்றைம்பது சொற்களில் ஒரு பத்தி எழுதுங்கள். உங்கள் வேலையைப் பற்றியோ படித்த கட்டுரையைப் பற்றியோ இருக்கட்டும். முதலில் கருத்தை எழுதுங்கள். பிறகு, அட்டைகளில் உள்ள சொற்களில் இரண்டு எங்கே இயல்பாகப் பொருந்தும் என்று பாருங்கள். சொற்களை முன்னால் வைத்துக்கொண்டு அவற்றுக்காகப் பத்தி எழுதுபவர்களின் எழுத்து, கல்யாண வீட்டில் எல்லா நகையையும் ஒன்றாக அணிந்து வந்தவரைப் போல இருக்கும்.

எழுதியபின் ஒரு சோதனை: புதிய சொல்லை எடுத்துவிட்டு எளிய சொல்லை வைத்துப் பாருங்கள். பொருளில் எதுவும் குறையவில்லை என்றால் எளிய சொல்லே இருக்கட்டும். ‘ஸ்டார்ட்’ இருக்கும் இடத்தில் எல்லாம் ‘கமென்ஸ்’ போடுவது மேம்பாடு அல்ல. விசாரணை ‘கமென்ஸ்’ ஆகலாம், கார் ஆகாது. மாறாக, ‘லுக் வெரி கேர்ஃபுலி அட்’ என்று நான்கு சொல்லில் எழுதியதை ‘ஸ்க்ரூட்டினைஸ்’ என்ற ஒன்று சுருக்கமாகவும் கூர்மையாகவும் சொல்கிறது என்றால், அங்கே அதற்கு இடம் உண்டு.

சேர்க்கை சரியா என்ற சந்தேகம் வந்தால், அந்த இரண்டு மூன்று சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டு இணையத்திலோ உரைத்தொகுப்பிலோ தேடுங்கள். நம்பகமான பதிப்புகளில் ஒன்றுகூட அகப்படவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடமும் கேட்கலாம். ஆனால் ‘இதை மேம்படுத்து’ என்று கொடுக்காதீர்கள். அது எழுதித் தரும், நீங்கள் கற்க மாட்டீர்கள். ‘இந்த வினை இந்தப் பெயரோடு இயல்பாகச் சேருமா’ என்று மட்டும் கேளுங்கள். கிடைத்த விடையை உரைத்தொகுப்பில் ஒருமுறை சரிபாருங்கள்.

பேச்சில் வருவதற்கு இன்னும் நாளாகும். அவசரப்பட வேண்டாம்.

9. வேர்களும் ஒட்டுகளும்: ஏன் இவ்வளவு தாமதமாக

பல வழிகாட்டிகள் இலத்தீன், கிரேக்க வேர்களை முதலில் வைக்கின்றன. சில நூறு சொற்கள் கையில் சேர்ந்தபின்தான் அவை பயன்படும் என்பது என் கருத்து. ‘இன்ஸ்பெக்ட்’, ‘ப்ராஸ்பெக்ட்’, ‘ரெட்ரோஸ்பெக்ட்’ மூன்றும் தெரிந்தவருக்கு, ‘ஸ்பெக்ட்’ என்பது பார்த்தலைக் குறிக்கும் என்றால் மூன்றும் ஒரு கயிற்றில் கோத்ததுபோல் நிற்கும். ஒன்றும் தெரியாதவருக்கு அது மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு துணுக்கு.

வேரை வைத்துப் பொருளை ஊகிக்கலாம், முடிவுகட்டக் கூடாது. ‘இன்’ என்ற முன்னொட்டு எதிர்மறை என்று நம்பி ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதிய பீப்பாய்க்கு அருகே தீக்குச்சி கிழித்தால் என்ன ஆகும்? அது எளிதில் தீப்பற்றும் என்றுதான் பொருள். ‘இன்வேல்யுவபிள்’ மதிப்பற்றதைக் குறிப்பதில்லை, மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்ததைக் குறிக்கிறது.

10. தேங்கிப்போனால்

நான்கைந்து நாள் விடுபட்டு, நூறு அட்டைகள் குவிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் அந்த எண்ணைப் பார்த்ததும் விட்டுவிடுகிறார்கள். புதிய அட்டைகளை முழுமையாக நிறுத்துங்கள். நாளுக்கு இருபத்தைந்து பழைய அட்டை என்று பார்த்தால் ஒரு வாரத்துக்குள் குவியல் கரைந்துவிடும். குவியல் கரைவதற்குள் புதியவற்றைச் சேர்ப்பவர்கள் மறுபடி மறுபடி இதே பள்ளத்தில் விழுகிறார்கள்.

மற்றொரு தேக்கம், அட்டைகள் எல்லாம் சரியாக வந்தும் எழுத்து மாறாமல் இருப்பது. இதற்குக் காரணம் பெரும்பாலும் எட்டாம் படியைத் தவிர்ப்பதுதான். இரண்டு வாரம் புதிய சொற்களை நிறுத்திவிட்டு, பத்திகளை மட்டும் எழுதுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டாம் படியின் தேர்வை மறுபடி எழுதலாம். ஆனால் அது பொருள் தெரிகிறதா என்பதை மட்டுமே அளக்கும். ஆறு மாதத்துக்கு முன் எழுதிய பத்தியையும் இந்த வாரப் பத்தியையும் அருகருகே வைத்து, ‘வெரி’, ‘குட்’, ‘திங்’, ‘கெட்’ நான்கும் எத்தனை முறை வந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். படித்துவந்த துறையின் கட்டுரைகளில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு புதிய சொற்களே மிஞ்சுகின்றன என்றால், வேறொரு துறையை எடுத்துக்கொண்டு மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.